கன்னியும் இல்லை, பயணமும் இல்லை

கேள்வி: போயிங்கின் புதிய 787 ட்ரீம்லைனர் விமானம், இரண்டு வருடத்துக்கும் மேலான தாமதத்துக்குப் பிறகு 2009 டிசம்பர் 15 அன்று தன் கன்னிப் பயணத்தை முடித்திருக்கிறது. ஏர் இந்தியாவும் இதில் 27 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. இவ்வளவு இழுத்தடித்தவர்களை நம்பலாமா? (ஒரு வாசகர், மயிலாடுதுறை)

பதில்: ஏர் இந்தியா கொஞ்சம் பொறுக்கட்டும், அதற்குத்தான் பொறுத்துப் பழக்கமாயிற்றே. முதலில் அந்தக் கன்னியைக் கவனிப்போம்.

இந்தப் பக்கத்தில் இதற்காக எத்தனை தடவை மன்றாடியிருக்கிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆங்கிலேயன் கப்பலைப் பெண்ணாகப் பார்த்தான். அதன் முதல் பயணத்துக்குத் தோதாக 'மெய்டன் வாயேஜ்' என்று ஒரு பெயர் வைத்தான். அது அவன் பாடு. அதை அட்சரம் பிசகாமல் பெயர்த்துக்கொண்டு வந்து, கப்பல், ரயில், விமானம், சட்டமன்றப் பேச்சு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் நாம் ஏன் தாவணி கட்டிவிட வேண்டும்? பேரன் பேத்தி எடுத்த ஒரு பெரியவர் அவையில் எழுந்து, "இது என் கன்னிப் பேச்சு" என்று மீசையைத் தடவிக்கொள்கிறார். சுற்றியிருப்பவர்கள் சிரிக்காமல் மேஜையைத் தட்டுகிறார்கள்.

தினசரி ஒன்றில் நாற்பது வருடம் மொழிபெயர்த்து ஓய்வுபெற்ற என் நண்பருக்கும் எனக்கும் இதில் பழைய தகராறு. போன வாரம்கூட போன் செய்து, "கன்னிச்சாமி என்று சொல்கிறோமே, அது எந்த ஆங்கிலத்திலிருந்து வந்தது?" என்று மடக்கினார். அசந்துதான் போனேன். சரி, மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருந்து முதல்முறை மலையேறுகிறவர் கன்னிச்சாமி. ஆனால் அவர் மலைக்குப் போய்ச் சேருகிறார் ஐயா! இந்த விமானம் எங்கே போயிற்று? வாஷிங்டன் மாநிலத்து எவரெட்டில் காலை 10.27-க்குக் கிளம்பி, பகல் 1.33-க்கு சியாட்டிலில் இறங்கியது. இரண்டுக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். மூன்று மணி ஆறு நிமிடம். உங்கள் மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கு, எல்லா நிறுத்தத்திலும் நின்று, வழியில் டிரைவர் டீயும் குடித்து வருகிற பஸ்கூட இதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். எனவே கன்னியும் இல்லை, பயணமும் இல்லை. விரதம் மட்டும் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

நம்மிடம் இதற்கென்றே செய்து வைத்ததுபோல ஒரு சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தாலோ, பழைய தேரைச் செப்பனிட்டாலோ, சாமியை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் தேரை இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் எங்கே உரசுகிறது, அச்சு தாங்குகிறதா, திருப்பத்தில் எவ்வளவு சாய்கிறது என்று தச்சர் கூடவே நடந்து பார்ப்பார். எவரெட்டிலும் அதுதான் நடந்தது. உள்ளே பயணி ஒருவரும் இல்லை. மைக் காரிக்கர், ராண்டி நெவில் என்ற இரண்டு விமானிகள் மட்டும். வேகம் 180 நாட் (மணிக்குச் சுமார் 333 கிலோமீட்டர்), உயரம் 13,200 அடி. முதல் நாளைக்கு அவ்வளவு போதும். பின்னாலேயே துணைக்குச் சின்ன ஜெட். இன்னும் நேரம் சுற்றுவதாக இருந்தார்கள், மழையும் மேகமும் விடவில்லை. கீழே 12,000-க்கு மேற்பட்ட ஊழியர்களும் விருந்தினர்களும் நின்று பார்த்தார்கள். தேரடிக் கூட்டம்தான், வடம் மட்டும் இல்லை.

இப்போது தாமதத்துக்கு வருகிறேன். எனக்குத் தாமதத்தின்மேல் கோபமே இல்லை. கோபமெல்லாம் 2007 ஜூலை 8-இன் மேல்தான். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள்: 7/8/07. விமானத்தின் பெயர் 787. ஆகா, என்ன பொருத்தம்! முகூர்த்தம் பார்ப்பதில் நாம்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். (நம் வழக்கப்படி எழுதினால் 8/7/07, விமானத்துக்கு 877 என்று பெயரை மாற்ற வேண்டியிருந்திருக்கும்.) அந்த முகூர்த்தத்தைத் தவறவிடக் கூடாது என்று ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டி, கொட்டகைக் கதவைத் திறந்து, பளபளவென்று வர்ணம் பூசிய விமானத்தைக் காட்டினார்கள். உள்ளே பெரும்பகுதி காலி. ஆகஸ்டில் பறக்கும் என்றும் சொன்னார்கள். கொலுவில் வைத்த பொம்மை கச்சேரி செய்யும் என்று சொன்ன மாதிரி.

அந்த பொம்மையைச் சேர்த்துப் பிடித்திருந்தவற்றில் பல தற்காலிக ஆணிகள். விமானத்துக்கென்று தனியாகச் செய்கிற இணைப்பாணிகளுக்கு அப்போது தட்டுப்பாடு. வந்த அளவுக்கு மாட்டி, மிச்சத்துக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிவிட்டார்கள். விழா முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றி, சரியானதைப் போட வேண்டிய வேலை. இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. இந்த விமானத்தின் எடையில் பாதி கார்பன் நாரிழைக் கலவை. உடலின் ஒரு பகுதியை ஒரே குழாயாக வார்த்துவிடுவதால் 1,500 அலுமினியத் தகடுகளும் 40,000 முதல் 50,000 ஆணிகளும் மிச்சம் என்று போயிங்கே பெருமையாகச் சொல்லிவந்தது. ஆணியே வேண்டாம் என்றவர்கள் ஆணிக்காகக் காத்து நின்றார்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

இறக்கை ஜப்பானின் நகோயாவிலிருந்து, நடு உடல் இத்தாலியிலிருந்து, வால்பக்கம் தென் கரோலினாவிலிருந்து என்று உலகம் பூராவும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். வயிறு வீங்கிய ஒரு 747 விமானத்தில் ஏற்றி வரவழைத்தால், பாதி வேலை முடியாமலேயே வந்து இறங்கின. சமையலைப் பத்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் கதைதான். பற்றாக்குறைக்கு 2008-இல் ஊழியர்களின் வேலைநிறுத்தம், கிட்டத்தட்ட இரண்டு மாதம்.

ஆனால் 2009 ஜூனில் நடந்ததற்கு எழுந்து நின்று கும்பிடுவேன். பாரிஸ் விமானக் கண்காட்சியில் "இந்த மாதமே பறக்கிறது" என்று உலகத்துக்கே சொல்லியாயிற்று. அடுத்த வாரம், 23-ஆம் தேதி, பறக்காது என்று அறிவித்தார்கள். தரையில் நிறுத்தி இறக்கையை வளைத்துச் சோதித்தபோது, இறக்கை உடலோடு சேருகிற இடம் எதிர்பார்த்த அளவுக்குத் தாங்கவில்லை. 34 இடங்களில் புதிய பொருத்திகள் போட்டு வலுப்படுத்தினார்கள். அதற்கு ஆறு மாதம் போயிற்று. பத்திரிகைகள் சிரித்தன. சிரிக்க வேண்டிய நாள் அதுவல்ல, 7/8/07. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை யாராவது தேரைத் தடுத்தவர் என்று திட்டுவார்களா? திட்டுகிறோம்தான். அந்தச் சொல்லையே வசவாக மாற்றிவிட்டோமே! கட்டை போட ஆள் இல்லாத தேர் எந்த வீட்டுத் திண்ணையில் போய் ஏறும் என்று தேரோடும் வீதிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளோட்டத்தின்போது மொத்தம் 840 விமானங்களுக்கு ஆர்டர் சேர்ந்திருந்தது, 55 வாடிக்கையாளர்கள். வரிசையில் முதலில் நின்றது ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ். அவர்களுக்கு 2010 கடைசியில் என்று அப்போதைய வாக்கு. நமக்கு 2008-லேயே வந்திருக்க வேண்டியது.

நம்பலாமா என்று கேட்டீர்கள். போன வருடப் பொங்கல் மலரை மாசி மகத்துக்குக் கொண்டுவந்த ஆள் நான். அட்டையை மட்டும் போகியன்றே அச்சடித்து எல்லாக் கடையிலும் தொங்கவிட்டிருந்தேன். வேறு யாரையாவது கேளுங்கள்.