உலகப் போரில் வென்ற சர்ச்சில் 1945 தேர்தலில் ஏன் தோற்றார்?

சர்ச்சில் மேல் ஜனங்களுக்குப் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. கோபமெல்லாம் அவருடைய கன்சர்வேடிவ் கட்சி மேல்தான். பிரச்சாரத்துக்கு அவர் போன ஊர்களில் கூட்டம் அலைமோதியது. கைதட்டியவர்களில் பலரே தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். கூட்டத்தைப் பார்த்து ஓட்டைக் கணக்குப் போடக் கூடாது என்பது நமக்குத் தெரியாததா என்ன!

பிரிட்டனில் அதற்கு முந்தைய பொதுத்தேர்தல் நடந்தது 1935இல். போர் காரணமாகப் பத்து வருடம் தேர்தலே இல்லை. அதனால் 1930களின் கணக்கு தீர்க்கப்படாமல் அப்படியே கிடந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் அப்போது உச்சத்தில் இருந்தது. உதவித்தொகை கேட்டால், அதிகாரி வீட்டுக்கே வந்து யார் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று விசாரிப்பார். மகனுக்குச் சின்ன வேலை கிடைத்திருந்தால் அப்பாவின் தொகையில் வெட்டு விழும். வீட்டில் இருக்கும் மேசை நாற்காலியை ஏன் விற்கவில்லை என்ற கேள்வியும் வரும். இந்த அவமானத்தை அனுபவித்த குடும்பங்கள் சும்மா விடுமா? அந்தக் காலத்தில் ஆட்சியில் ஓங்கியிருந்தது கன்சர்வேடிவ் கட்சி. முதல் உலகப் போர் முடிந்து வந்த வீரர்களுக்கு வீடு தருவதாகச் சொல்லிக் கைவிட்ட கதையும் யாருக்கும் மறக்கவில்லை. இந்த முறை குண்டுவீச்சில் இருந்த வீடும் போயிருந்தது.

1942 டிசம்பரில் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. நோய், வேலையிழப்பு, முதுமை எல்லாவற்றுக்கும் அரசே காப்பீடு தர வேண்டும் என்று சொன்ன அந்த அறிக்கையை ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். தொழிற்கட்சி அதைக் கையில் எடுத்தது, கன்சர்வேடிவ்கள் இழுத்தடித்தார்கள். என்னைக் கேட்டால் தேர்தல் முடிவு பாதி அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

மீதியைச் சர்ச்சிலே பார்த்துக்கொண்டார். ஜூன் 4ஆம் தேதி வானொலியில், சோஷலிச ஆட்சி வந்தால் அதற்கு ஏதோ ஒரு வகை கெஸ்டபோ (ஹிட்லரின் ரகசியப் போலீஸ்) தேவைப்படும் என்று பேசினார். யாரைச் சொல்கிறார்? தன் போர்க்காலக் கூட்டணி அமைச்சரவையிலேயே இருந்து, துணைப் பிரதமராகவும் வேலை பார்த்த தொழிற்கட்சித் தலைவர் அட்லியின் கட்சியை! உள்நாட்டு நிர்வாகத்தில் பெவின், மாரிசன் போன்ற தொழிற்கட்சி அமைச்சர்களை ஜனங்கள் ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூச்சாண்டி எடுபடவில்லை.

ஜூலை 5 வாக்குப்பதிவு. ஆனால் எண்ணியது ஜூலை 26. வெளிநாடுகளில் இருந்த படைவீரர்களின் ஓட்டுகள் வந்து சேர வேண்டுமே. இடையில், போரில் வென்ற நாடுகளின் தலைவர்கள் ஜெர்மனியில் கூடிய பாட்ஸ்டாம் மாநாடு. ஜெயிப்பது யாரென்று தெரியாததால் சர்ச்சில் அட்லியையும் கூட்டிக்கொண்டு போனார். முடிவுக்காக இருவரும் லண்டன் திரும்பினார்கள். மறுபடி பாட்ஸ்டாமுக்குப் பிரதமராகப் போனவர் அட்லி. அரண்மனைக்கு அவர் போன விதம் எனக்குப் பிடித்த காட்சி: குடும்பத்தின் சின்னக் காரை மனைவி வயலட் ஓட்ட, பக்கத்தில் புதுப் பிரதமர்.

தொழிற்கட்சிக்கு 393 இடம். 1924இலும் 1929இலும் சிறுபான்மை அரசு அமைத்த கட்சிக்கு அதுதான் முதல் தனிப்பெரும்பான்மை. ஓட்டு சதவீதம் என்னவோ 48ஐக்கூடத் தொடவில்லை, அது தொகுதி முறையின் விளையாட்டு.

நம் பக்கம் இதன் விளைவு தெரிந்ததுதான். இரண்டே வருடத்தில் இந்தியாவுக்குச் சுதந்திரம். ‘சைமனே திரும்பிப் போ’ என்று நாம் விரட்டிய குழுவில் அட்லியும் ஓர் உறுப்பினர் என்பது பலருக்கு நினைவில் இருக்காது.

பிரிட்டனில் 1948 ஜூலை 5இல், எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவையை அட்லி அரசு தொடங்கியது. 1951இல் சர்ச்சில் மறுபடி பிரதமரானார் (அந்தத் தேர்தலிலும் அதிக ஓட்டு வாங்கியது தொழிற்கட்சிதான், அது தனிக்கதை). வந்தவர் அந்தச் சேவையை மூடிவிடத் துணியவில்லை.