நிலத்தை அடகு வைக்கும் முன்

பாலக்கோட்டுக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளை அழைத்துக்கொண்டு சென்ற வாரம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்த பெற்றோர், இரண்டு தாள்களை மேசை மேல் வைத்தார்கள். ஒன்று, கோவையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் விளம்பரக் கையேடு. மற்றொன்று, தக்காளி போடும் ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பட்டா நகல். பெங்களூரில் வேலை பார்க்கும் தாய்மாமன், நிர்வாக ஒதுக்கீட்டிலாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடச் சொல்லியிருக்கிறார். நிலத்தை அடகு வைக்கலாமா என்று தந்தை கேட்டார்.

வைக்க வேண்டாம் என்றேன். ஊரில் உள்ளவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், காரணங்களை எழுதித் தாருங்கள் என்று தாய் கேட்டதால், இதே நிலையில் உள்ள மற்ற குடும்பங்களும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கையேட்டின் முதல் பக்கத்தில், வளாகத் தேர்வில் வேலை பெற்றவர்களின் புகைப்படங்கள் வரிசையாக இருந்தன. சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அரியர் இல்லாமல் முடித்தவர்கள் எத்தனை பேர், ஓராண்டு கழித்தும் அதே வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற விவரம் எங்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்று உண்டு. இதே மாணவர்கள் இந்தக் கல்லூரியில் சேராமல் குறைந்த கட்டணத்தில் வேறு இடத்தில் படித்திருந்தால், அவர்களுக்கு வேலை கிடைக்காமல் போயிருக்குமா? அதற்கு விடை தெரியாதவரை, அந்தப் புகைப்படங்களை நம்பி நிலத்தை ஈடு வைப்பது ஒரு குடும்பம் ஏற்கத்தக்க ஆபத்து அன்று. தாய்மாமனின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடனுக்குக் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர் அல்லர்.

மகள் அதுவரை பேசவே இல்லை. எதில் ஆர்வம் என்று கேட்டபோது, பையிலிருந்து ஒரு நீளக் கோடு நோட்டை எடுத்தாள். மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம்கள் 2023 ஜூலையில் நம் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டன. அப்போது தன் தெருப் பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள், பிறகு யார் யாருக்குப் பணம் வரவில்லை, என்ன காரணம் சொன்னார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். அண்ணன் தம்பி இரண்டு குடும்பங்கள் ஒரே மின் இணைப்பில் இருந்ததால், ஆண்டுக்கு 3,600 யூனிட் என்ற வரம்பைத் தாண்டி, கூலிக்குப் போகும் இரண்டு பெண்களும் விடுபட்டுப்போன கதை அதில் ஒரு பக்கம். "தகுதி இருந்தும் விடுபட்டவர்கள்" என்று தனியே தலைப்பிட்டுக் கூட்டியும் வைத்திருந்தாள். இதை அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

இந்த வேலைக்கு ஒரு துறையே இருக்கிறது என்பது நம் பக்கத்துப் பெற்றோர்களில் பலருக்குத் தெரியாது. அரசின் நலத்திட்டங்களும் வேலைவாய்ப்புப் பயிற்சிகளும் உண்மையில் பயன் தருகின்றனவா என்று அளந்து சொல்வதுதான் திட்ட மதிப்பீடு. இதில் மிகக் கடினமான பகுதி, திட்டம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கண்டுபிடிப்பதாகும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பணம் பெறுவோரை எண்ணிவிடுவது எளிது. அந்தப் பணம் இல்லையென்றால் படிப்பை நிறுத்தியிருக்கக்கூடியவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று சொல்வதற்குத்தான் புள்ளியியலும் பொருளியலும் பொறுமையும் வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் பகுதிநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து இரு பிரிவுக் குழந்தைகளையும் சோதித்தபோது, கூடுதல் பணியாளர் இருந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரு மடங்காகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் அந்தக் குழந்தைகள் முந்தியிருந்தார்கள், வளர்ச்சி குன்றியவர்களும் குறைந்திருந்தார்கள். பாதியைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்ததால், அந்த வேறுபாட்டுக்கு வசதியோ ஊரோ காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாத் திட்டத்திலும் குலுக்கல் போட இயலாது. நூறு நாள் வேலைத் திட்டம் 2006இல் 200 மாவட்டங்களில் மட்டும் தொடங்கி, 2008இல்தான் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் வந்தது. அந்த இடைவெளியை வைத்துக்கொண்டு, திட்டம் வந்த மாவட்டங்களையும் வராத மாவட்டங்களையும் ஒப்பிட்டுக் கூலி உயர்ந்ததா என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். வறுமை ஒழிப்பில், முதலில் சொன்ன குலுக்கல் போன்ற சோதனை முறையைக் கையாண்டதற்காகத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவருக்கும் 2019இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேள்வித்தாளைத் தமிழில் எழுதி, ஓசூர்ப் பக்கம் போனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் புரியவைத்து, முதலில் சில வீடுகளில் கேட்டுப் பார்த்துத் திருத்துவார்கள். கணக்கெடுப்பாளர்கள் டேப்லெட்டில் பதிந்த விடைகளில் ஒரு பகுதியை, வேறோர் ஆள் மறுபடியும் அதே வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பார். வெயிலில் நடக்க வேண்டும், பல பணிகள் ஒப்பந்த அடிப்படையில்தான் கிடைக்கும், அறிக்கை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், தொடக்கச் சம்பளம் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் தருவதை எட்டாது. முதுகலை வரை படிக்காமல் இதில் மேலே போவதும் கடினம். ஐந்தாறு ஆண்டுகள் பொறுக்க முடியாத குடும்பத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொறுக்க முடியுமானால் வழி தெளிவாக இருக்கிறது. கணக்கு எடுத்துப் படித்தவள் என்பதால் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் அல்லது பி.ஏ. பொருளியல் சேரலாம். அங்கே மூன்றாண்டுக் கட்டணமும் சேர்ந்து நிர்வாக ஒதுக்கீட்டின் ஒரு பருவக் கட்டணத்துக்கு ஈடாகாது. பிறகு சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் முதுகலை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்புப் பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக் கட்டணமும் வருமானத்தைப் பொறுத்துக் குறையும். அரசுப் பணிதான் வேண்டும் என்றால், பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைப் பணியிடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. திட்டங்களை மதிப்பிடுவதற்கென்றே மாநில அரசில் ஒரு துறையும் தனியே இயங்குகிறது.

கணினி அறிவியல் பிடித்த பிள்ளைக்கு அதைப் படிக்க வையுங்கள், கலந்தாய்வில் இடம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். இந்தப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காது என்று என் முன்னால், தன் தந்தையைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள். அதன் பிறகும் கடன் வாங்கி அவளைச் சேர்ப்பது, நிலத்தையும் நான்கு ஆண்டுகளையும் ஒருசேர இழப்பதற்கு வழி.

விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகப் புள்ளியியலையும் அடுத்ததாகப் பொருளியலையும் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். பட்டா நகலைத் தந்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நோட்டில் விடுபட்ட பெண்களின் வீடுகளுக்கு இன்னொரு முறை போய், மேல்முறையீடு செய்தார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டு வரும்படி மகளிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வருகிறாள்.