சிலையைக் கும்பிட்டால் அது எப்படி சோரம்போவது?

கேள்வி: பைபிளில் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை முதன்முறையாக முழுசாகப் படித்தேன். விக்கிரக வணக்கத்தை ஏன் திரும்பத் திரும்ப 'சோரம்போதல்' என்கிறார்கள்? ஒரு சிலைக்கும் தாம்பத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்? பழி பெண் மேலேயே விழுவதும் உறுத்துகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, மழையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எகிப்துக்கு நைல் இருந்தது. இஸ்ரவேலுக்கு அப்படி ஓர் ஆறு கிடையாது. ஐப்பசி வாக்கில் முன்மாரி, பங்குனி வாக்கில் பின்மாரி; பொய்த்தால் பட்டினிதான். அக்கம்பக்கத்துக் கானானியருக்கோ இடியும் மழையும் பாகால் என்ற தெய்வத்தின் கையில். இஸ்ரவேல் விவசாயி தன் கடவுளான யெகோவாவைத் தலைமுழுகிவிடவில்லை. பண்டிகைக்கு அவர், மழைக்கு இவர் என்று இரண்டையும் வைத்துக்கொண்டான். 1910-ல் இஸ்ரவேலின் பழைய தலைநகரான சமாரியாவில் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் எண்ணெயும் திராட்சரசமும் வந்த கணக்கு அது. அதில் யெகோவா பெயர் ஒட்டிய ஆட்களும் இருக்கிறார்கள், பாகால் பெயர் ஒட்டிய ஆட்களும் இருக்கிறார்கள்.

இப்போது ஓசியா 2-ஆம் அதிகாரத்தை எடுங்கள். அப்பம், தண்ணீர், ஆட்டுமயிர், சணல், எண்ணெய் எல்லாம் என் நேசர்கள் கொடுத்தது என்கிறாள் ஒரு மனைவி; அவள்தான் இஸ்ரவேல். கொடுத்தது புருஷன், அதாவது யெகோவா. அவன் வாங்கிப்போட்ட எண்ணெய்க்கு இன்னொருவனிடம் போய் நன்றி சொல்கிறாள். ஓசியாவுக்கு வலிப்பது அந்த இடத்தில்தான்; கல்லும் மரமும் அப்புறம். இதில் ஒரு சொல் விளையாட்டும் உண்டு. எபிரெயத்தில் 'பாகால்' என்றால் உடையவன், எஜமான். புருஷனுக்கும் அதே சொல். அதனால்தான் "இனி பாகாலி என்று சொல்லாமல், ஈஷி என்று சொல்லுவாய்" என்று வருகிறது. எஜமானே என்று கூப்பிடாதே, என் கணவனே என்று கூப்பிடு.

உங்கள் உறுத்தல் நியாயமானது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'சோரம்போன மனைவி' என்று ஏச்சு வாங்குகிறவர்களில் ராஜாவும் ஆசாரியரும் உண்டு, மீசை முறுக்கிய ஆண்கள். எரேமியா 7-ல் குடும்பமே கூட்டாளி. பிள்ளைகள் விறகு பொறுக்க, அப்பாக்கள் நெருப்பு மூட்ட, அம்மாக்கள் மாவு பிசைய, வானராக்கினி என்ற பெண்தெய்வத்துக்குப் பணியாரம் வேகிறது. ஆனாலும் எசேக்கியேல் 16, 23 அதிகாரங்களில் அந்தப் பெண்ணைத் துகிலுரிந்து தண்டிக்கும் வரிகள் எனக்கும் தொண்டையில் நிற்கின்றன. அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். அடிக்கிற புருஷனுக்கு யாராவது அந்த வசனங்களைத் துணைக்கு இழுத்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

ஓசியா 3-ஐ மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். சோரம்போனவளை ஓசியா திரும்பக் கொள்கிறான். அவள் அவன் மனைவி கோமேர்தான் என்பது பெரும்பாலோர் வாசிப்பு. கொடுத்த விலை 15 வெள்ளிக்காசு, அதோடு ஒன்றரைக் கலம் வாற்கோதுமை. கையில் இருந்த காசு போதவில்லை போல. வீட்டுக் குதிரிலிருந்தும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.