சாயம் ஏறினால் சுவை ஏறுமா? பிளேன்டீ பற்றிய கேள்விகள்

பிளேன்டீ பற்றி இம்முறை வந்த கேள்விகளைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கோப்பையில் சாயம் போதாது என்று தேயிலையைக் கூட்டுகிறோம், கொதிக்கவிடுகிறோம், கரண்டியால் அழுத்திப் பிழிகிறோம். பிறகு கைக்கிறது என்று சீனியைக் கூட்டுகிறோம். பால் சேர்த்த தேநீரில் இவை ஓரளவு மறைந்துவிடும். வெறுந்தேநீரில் மறையாது.

கேள்வி: நல்ல தேயிலைதான் வாங்குகிறோம். ஆனாலும் வீட்டில் போடும் பிளேன்டீ கைக்கிறது. தண்ணீரோடு தேயிலையையும் போட்டு நன்றாகக் கொதித்த பிறகே இறக்குகிறேன். எங்கே பிழை? (வெள்ளவத்தை வாசகி)

தேயிலையைக் கொதிக்கவிடுவதே பிழை. தண்ணீர் தனியே கொதிக்க வேண்டும்; தேயிலை அந்தத் தண்ணீரில் ஊற வேண்டும். இரண்டையும் சேர்த்து அடுப்பில் வைத்தால், மணம் தரும் பொருள்கள் ஆவியோடு போய்விட, துவர்ப்பும் கைப்பும் தரும் பொலிஃபீனோல்கள் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டே இருக்கும். சமையலறை முழுவதும் தேயிலை வாசம் வீசுகிறதென்றால், அந்த வாசம் உங்கள் கோப்பையில் இல்லை என்று பொருள். பால்மா கரைக்கும் தேநீருக்குக் கடுஞ்சாயம் பொருந்தும். பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் கடுமையைத் தணித்துவிடுகிறது. அதே சாயத்தைப் பாலில்லாமல் குடித்தால் நாக்கு வறண்டுபோகும்.

200 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு கோப்பைக்கு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தேயிலை போதும். அது சுமார் 2 முதல் 2½ கிராம் வரை இருக்கும். தேநீர்ப் பாத்திரத்தில் முதலில் சிறிது சுடுதண்ணீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த பீங்கானில் ஊற்றினால் கொதிநீரின் சூடு அங்கேயே இறங்கிவிடும் என்பதால்தான் இந்தச் சிறு வேலை. பிறகு தேயிலையைப் போட்டு, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே அதன் மேல் ஊற்றி, மூடி வைத்து, 3 முதல் 4 நிமிடங்கள் வரை பொறுத்திருங்கள். நேரத்தை மணிக்கூட்டில் பாருங்கள், நிறத்தைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம். நிறம் முதல் நிமிடத்திலேயே ஏறத் தொடங்கிவிடும், சுவை பின்னால்தான் வரும். நேரம் முடிந்ததும் முழுவதையும் வடித்துவிட வேண்டும். வடியில் தங்கிய தேயிலையைக் கரண்டியால் அழுத்திப் பிழிவது, விட்டுவந்த கைப்பைத் திரும்பப் போய் அழைத்து வருவதற்குச் சமம்.

தேயிலைச் சுவை பார்ப்பவர்களின் மேசையில் 140 மில்லிலீற்றர் நீருக்கு 2.8 கிராம் இட்டு, 6 நிமிடங்கள் ஊறவைப்பது வழக்கம். இதைக் கேள்விப்பட்ட சிலர் வீட்டிலும் அப்படியே செய்ய முயல்கிறார்கள். அந்த அளவு குடிப்பதற்கானது அன்று. தேயிலையின் குற்றங்கள் வெளியே வரட்டும் என்று வேண்டுமென்றே கடுமையாக வைக்கப்பட்டது. அங்கிருந்து வீட்டுக்கு எடுத்து வரத்தக்க பழக்கம் வேறொன்று உண்டு. வடித்த பின்பு, ஊறிய இலையைப் பாத்திரத்தின் மூடியில் கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பளிச்சென்ற செப்பு நிறத்தில் இருந்தால் தயாரிப்பு ஒழுங்காக நடந்திருக்கிறது. பச்சை படர்ந்திருந்தால் கொழுந்து போதிய அளவு ஒட்சியேற்றம் அடையவில்லை. மங்கிய கபில நிறமாக இருந்தால் அளவு மீறிவிட்டது. விலை கூடிய பொதி, அழகான பொதி என்பவற்றைவிட இந்த மூடி உண்மை பேசும்.

கேள்வி: கடையில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்று பல வகை வைத்திருக்கிறார்கள். ஒரேஞ்சு பெக்கோ என்பது தோடம்பழ வாசனை சேர்த்ததா? பிளேன்டீக்கு எதை வாங்குவது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

தோடம்பழத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவை யாவும் இலையின் அளவையும் வடிவத்தையும் குறிக்கும் தரப்பெயர்கள். ஓ.பி. என்பது ஒரேஞ்சு பெக்கோ, முறுக்கிய நீள இலை; பி.ஓ.பி. அதன் உடைந்த இலை, பி.ஓ.பி.எப். அதைவிடச் சிறியது, டஸ்ட் இவற்றுள் மிகச் சிறியது. டஸ்ட் என்றதும் நிலத்தில் கூட்டி அள்ளியது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் அதே கொழுந்திலிருந்து சலித்துப் பிரித்ததுதான். இலை எவ்வளவு சிறியதோ அவ்வளவு விரைவாகச் சாயம் இறங்கும் என்பதே இவற்றுக்கிடையிலான முக்கிய வேறுபாடு. ஆகவே ஓ.பி.க்கு 5 நிமிடங்கள் வரை கொடுக்கலாம், பி.ஓ.பி.எப்.புக்கு 2 முதல் 3 நிமிடங்களே அதிகம். டஸ்ட்டைப் பால்தேநீருக்கு விட்டுவிடுங்கள். பிளேன்டீக்கு என் தெரிவு பி.ஓ.பி.

ஆனால் தரப்பெயரைவிட, விளைந்த இடம் சுவையை அதிகம் தீர்மானிக்கிறது. நுவரெலியா, டிம்புள, உடபுசல்லாவ போன்ற உயர்நிலத் தேயிலைகள் வெளிர் நிறத்தில் மணம் மிகுந்த தேநீரைத் தரும். ருகுணு, சப்ரகமுவ ஆகிய தாழ்நிலத் தேயிலைகளில் சாயம் கடுமையாகவும் கனமாகவும் இறங்கும். 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலம், ஏறத்தாழ 1,200 மீற்றருக்கு மேலே விளைவது உயர்நிலம், இடையில் கண்டிப் பகுதியைப் போன்ற இடைநிலம். உங்களுக்குச் சாயமும் வேண்டும், மணமும் வேண்டும் என்றால் ஒரே தேயிலையைக் கொதிக்கவைத்துத் துன்புறுத்துவதை விட்டு, இரண்டு வகையையும் சரிபாதியாகக் கலந்து பாருங்கள். பொதியில் இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால், உள்ளே இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலை என்றும், இங்கேயே பொதி செய்யப்பட்டது என்றும் கொள்ளலாம். சுவைக்கு அது உத்தரவாதம் ஆகாது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் அம்மா போடும் பிளேன்டீயின் மேல் ஆறியதும் மெல்லிய ஆடை படரும், நிறமும் கலங்கலாக இருக்கும். அதே தேயிலையைக் கொழும்பில் போட்டால் அப்படி இல்லை. தேயிலையில் கலப்படமா? (பம்பலப்பிட்டி வாசகர்)

தேயிலை மேல் பழி போட வேண்டாம், தண்ணீர்தான் வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறும் நீரைத் தருபவை. அந்த நீரிலுள்ள கல்சியமும் இருகாபனேற்றும், தேநீரின் பொலிஃபீனோல்களோடும் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் சேர்ந்து மேற்பரப்பில் அந்த ஆடையை உண்டாக்குகின்றன. அதைக் குடிப்பதால் கெடுதி இல்லை என்றாலும், கடின நீரில் தேநீரின் துடிப்பு அடங்கிவிடும். சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் ஆடை கலைந்து, நிறமும் தெளியும். அம்மாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதை விநாகிரி கலந்த நீர் விட்டுக் கொதிக்கவைத்து அவ்வப்போது அகற்ற வேண்டும். மழைநீர் சேமிக்கும் வீடு என்றால் அந்த நீரில் ஒரு கோப்பை போட்டுப் பார்க்கட்டும், வித்தியாசம் உடனே தெரியும்.

கொழும்புக்கு லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும், அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்தும் வரும் நீர் மென்மையானது. தேநீருக்கு இதைவிட வாய்ப்பான நீரைத் தேட வேண்டியதில்லை. இங்குள்ள குறை குளோரீன் வாசம். காலையில் குழாயைத் திறந்தவுடன் வரும் நீரைப் பிடிக்காமல் சற்று ஓடவிட்டுப் பிடியுங்கள். இரவில் அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: தேசிக்காய் பிழிந்தவுடன் சாயம் வெளுத்துவிடுகிறது. இது தரமற்ற தேயிலையின் அறிகுறியா? அப்பச்சோடா ஒரு சிட்டிகை சேர்த்தால் நிறம் திரும்ப வரும் என்கிறார்களே? (தெமட்டகொட வாசகி)

இல்லை. தேநீருக்குச் செங்கபில நிறத்தைத் தரும் தியாருபிஜின்கள் அமிலத்தில் வெளுக்கும், காரத்தில் கறுக்கும். எல்லாத் தேயிலைக்கும் இது பொது. அப்பச்சோடா சேர்த்தால் நிறம் கறுப்பது உண்மை. தேநீரின் உயிர்ப்பு அத்தோடு போய், வாயில் சவர்க்காரம் போன்ற ஒரு வழவழப்பு மிஞ்சும் என்பதும் உண்மை. சேர்க்காதீர்கள்.

கேள்வி: காலை ஆறு மணிக்குப் போட்டு பிளாஸ்க்கில் எடுத்துச் செல்லும் பிளேன்டீ பத்து மணிக்குள் கறுத்து, சுவை கெட்டுவிடுகிறது. (கோட்டையில் பணிபுரியும் வாசகர்)

சூட்டில் வைத்திருக்கும் தேநீரில் ஒட்சியேற்றம் நிற்பதில்லை. தேநீருக்குப் பொன்னிறத்தையும் துடிப்பையும் தரும் தியாஃபிளேவின்கள் குறைந்து, நிறம் மங்கிக் கறுத்துக்கொண்டே போகும். இதைத் தடுக்க வழி கிடையாது, தாமதப்படுத்தலாம். ஒரு துணுக்குத் தேயிலைகூட உள்ளே போகாதபடி நன்றாக வடித்து, பிளாஸ்க்கைக் கொதிநீரால் ஒருமுறை சூடாக்கிக் கொட்டிவிட்டு, கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். மூடியின் உட்புற இறப்பரை முகர்ந்து பாருங்கள். பலருடைய குறை அங்கேதான் இருக்கிறது. ஆயினும் என் யோசனை, பிளாஸ்க்கில் கொதிநீரை மட்டும் கொண்டுபோய், அலுவலகத்தில் ஒரு தேயிலைப் பையை இட்டு, வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவைப்பதே. நீரின் சூடு சற்று இறங்கியிருக்கும் என்பதால் அந்தக் கூடுதல் நிமிடம் தேவை.

கேள்வி: இஞ்சி பிளேன்டீக்கு இஞ்சியை எப்போது போடுவது? சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போடலாமா? (மருதானை வாசகி)

இஞ்சியைத் தோல் சீவி, தட்டி, குளிர்ந்த நீரில் போட்டே கொதிக்கவையுங்கள். அதற்குக் கொதி தேவை, தேயிலைக்குத்தான் கூடாது. அடுப்பை அணைத்த பிறகு தேயிலையைப் போட்டு மூடி, நேரம் பார்த்து வடியுங்கள். கறுவாவும் கராம்பும் இஞ்சியோடு சேர்ந்து கொதிக்கலாம். ஏலக்காயை இடித்து, தேயிலையோடு கடைசியில் சேர்ப்பது நல்லது, அதன் மணம் நெடுநேரம் நிற்காது. இவற்றுக்கெல்லாம் தாழ்நிலத் தேயிலையே பொருத்தம்; நல்ல நுவரெலியாத் தேயிலையில் இஞ்சி போடுவது பணத்தைக் கரியாக்குவது.

பனங்கட்டியைக் கரைத்தால் தேநீர் கலங்கி, அதன் சுவை தேயிலையை மூடிவிடும். கையில் ஒரு துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு பிளேன்டீயை உறிஞ்சும் முறை இருக்கிறதே, அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. கித்துள் கருப்பட்டியும் அப்படியே. மலையகத்தில் உள்ளங்கையில் சீனியை வைத்துக் குடிப்பவர்களும் இதே கணக்கைத்தான் அறிந்திருக்கிறார்கள்: நாக்கில் இனிப்பு, கோப்பையில் தேயிலை.

கேள்வி: ஒரு கிலோ வாங்கினால் பாதிக்குப் பிறகு தேயிலை மணமற்றுப் போகிறது. குளிர்சாதனப்பெட்டியில் வைக்கலாமா? (கிராண்ட்பாஸ் வாசகர்)

வைக்க வேண்டாம். தொழிற்சாலையில் காய்ந்து வெளிவரும் தேயிலையில் 3 சதவீதமளவுக்கே ஈரம் இருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தையும் அக்கம்பக்கத்து வாசங்களையும் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. குளிர்ந்த டப்பாவைக் கொழும்பின் புழுக்கத்தில் திறந்தால் உள்ளே நீர் படியும். காற்றுப் புகாத தகர டப்பாவில், அடுப்புக்கும் மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் எட்ட, ஈரமில்லாத கரண்டியோடு வையுங்கள். 250 கிராமுக்கு மேல் ஒருமுறையில் வாங்காதீர்கள்.

கேள்வி: நுவரெலியாவில் குடித்த பிளேன்டீயின் சுவை, அதே பொதியைக் கொழும்புக்குக் கொண்டுவந்து போட்டால் ஏன் வருவதில்லை? (தெஹிவளை வாசகி)

கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. கொழும்பில் 100 பாகை. அந்த ஆறு பாகை வித்தியாசத்தில் மென்மையான தேயிலை சற்று மெதுவாக இறங்குகிறது. ஆகவே இங்கே ஊறும் நேரத்தை அரை நிமிடம் குறைத்துப் பாருங்கள். மலைக்குளிருக்கும் அந்தச் சுவையில் பங்குண்டு, அதைப் பொதியில் கட்டிக்கொண்டு வர முடியாது. மணத்துக்காகவே தேடி வாங்குபவர் என்றால் பருவத்தையும் கவனியுங்கள்: டிம்புளவில் சிறந்த தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையிலும், ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலும் கிடைக்கும்.

கேள்வி: ஐஸ் தேநீருக்காகக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்த பிளேன்டீ பால் கலந்ததுபோல் கலங்கிவிட்டது. கொட்டிவிட்டேன். சரியா? (நாரஹேன்பிட்டி வாசகர்)

கொட்டியிருக்க வேண்டியதில்லை. தேநீர் ஆறும்போது கஃபேனும் தியாஃபிளேவின்களும் இணைந்து அவ்வாறு திரண்டு நிற்கும். நல்ல அழுத்தமான தேயிலையில்தான் அது அதிகம் தெரியும். சிறிது கொதிநீர் விட்டால் தெளிந்துவிடும். கலங்கவே கூடாது என்றால், தேயிலையைக் குளிர்ந்த நீரிலேயே இட்டு, மூடி, இரவு முழுவதும் குளிர்சாதனப்பெட்டியில் ஊறவைத்துக் காலையில் வடியுங்கள். கைப்பும் குறைவாக இருக்கும், சீனியும் குறைவாகவே கேட்கும்.