ஆள் இல்லாத கரையா, அமைதியான கரையா?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "குடும்பத்தோடு நான்கு நாள் கடலோரம் தங்கலாம் என்றிருக்கிறோம். டர்பன் பீச்ஃபிரண்ட் கூட்டம் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளுக்கு ஐந்து வயது, ஒன்பது வயது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு, முழங்கால் வலி உண்டு. வடக்குக் கரையில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், படத்தையும் அனுப்பியிருக்கிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான், ஒரு ஆள் இல்லை. டிசம்பரில் போகலாமா, வேறு மாதம் நல்லதா? எந்தக் கரை அமைதியாக இருக்கும்?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இருபது வருடம் இந்தக் கரையில் லைஃப்கார்டாக நின்றவனுக்குக் கண் வேறு இடத்துக்குப் போகும். காவலுள்ள குளிக்கும் இடத்தைக் காட்டும் சிவப்பு மஞ்சள் கொடி இல்லை. காவல் மேடை இல்லை. மணல் ஒரேயடியாகக் கடலுக்குள் சரிகிறது, அலை கரையிலேயே வந்து மடேரென்று உடைகிறது. அந்த மாதிரி இடத்தில் ஐந்து வயதுப் பிள்ளையால் முழங்கால் அளவு தண்ணீரில்கூட நிற்க முடியாது. முதல் அலை தள்ளிவிடும், திரும்பும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும்.

நம் குவாசுலு-நட்டால் மாகாணக் கரையில் ஓர் இடம் காலியாகக் கிடந்தால் பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காவல் இருக்காது, சுறா வலை இருக்காது, பக்கத்தில் கலங்கல் ஆறு கலக்கும், இல்லையென்றால் இறங்கி ஏற நூறு படி இருக்கும். அதனால் என் யோசனை இதுதான்: காவலும், கடல்நீரைச் சுவர் கட்டித் தேக்கிய ஒரு டைடல் பூலும் உள்ள, நாலு பேர் போய்வரும் கரையாகப் பாருங்கள். அமைதியை இடத்தில் தேட வேண்டாம். மாதத்திலும் கிழமையிலும் மணியிலும் தேடுங்கள், கிடைக்கும்.

சுறாவை முதலில் பேசிவிடலாம், வீட்டில் அம்மா அதைத்தான் கேட்பார்கள். 1957 டிசம்பர் 18 முதல் 1958 ஏப்ரல் 5 வரை, நான்கு மாதம்கூட ஆகாத காலத்தில், இந்தக் கரையில் குறைந்தது ஒன்பது பேரைச் சுறா தாக்கியது, ஆறு பேர் இறந்தார்கள். 'கருப்பு டிசம்பர்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். டர்பனில் 1952லேயே வலை போட்டிருந்தார்கள். மற்ற ஊர்களுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள 1964இல் ஓர் அமைப்பு வந்தது, இப்போதைய ஷார்க்ஸ் போர்டு அதுதான். வலை என்றதும் கரையைச் சுற்றி அடைத்த வேலி என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். மேலேயும் கீழேயும் ஓரத்திலும் சுறா போகலாம், வரலாம். கரைப் பக்கத்திலிருந்து திரும்பும்போது மாட்டியவையும் உண்டு. வலையும், சில இடங்களில் அதோடு போடும் இரை மாட்டிய தூண்டிலும் அந்தப் பகுதியில் சுறாக்களின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன, அவ்வளவுதான். அதுவும் ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து போர்ட் எட்வர்ட் வரை குறிப்பிட்ட கரைகளில் மட்டும். ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் வரும்போது வலைகளைத் தூக்கிவிடுவார்கள். அந்த நாட்களில் கடலில் இறங்கத் தடை வரலாம். மழைக்குப் பிறகு ஆற்று முகத்துவாரத்தில், அந்திநேரத்தில், கலங்கல் தண்ணீரில் இறங்காமல் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

உண்மையில் நான் கரையேற்றியவர்களில் ஒருவரைக்கூடச் சுறா தொட்டதில்லை. எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனது ரிப் கரண்ட், கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். உங்களைப் போல அமைதி தேடி வருகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். காரணத்தைக் கேளுங்கள். கரைக்கு வந்ததும் உடனே இறங்காமல் மேட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக அலை உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் கொஞ்சம் கருத்து, வழவழப்பாகத் தெரியும். நுரையும் மணலும் அதன் வழியே கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? "அங்கேதான் அலை இல்லை, பிள்ளையை அங்கே விடலாம்." கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாக விலகுங்கள். யாராவது மாட்டினால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். பல கரைகளில் இப்போது இளஞ்சிவப்பு மிதவை ஒன்றைக் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதை எறியுங்கள், 112ஐக் கூப்பிடுங்கள்.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1989 நவம்பர் வரை, நிறவெறி ஆட்சியில், எந்தக் கரையில் எந்த இனத்தவர் கால் நனைக்கலாம் என்று பலகை வைத்திருந்த நாடு இது. என் ஆயாவுக்குக் கடல் என்றால் தாத்தா தூண்டிலோடு நின்ற பாறையும், பீன்ஸ் கறி கொண்டுபோன தூக்கும்தான். வசதியான கரைகள் நமக்கு இல்லை, நீச்சல் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. கடலை மூன்று தலைமுறையாகப் பார்த்த வீட்டிலும் நீந்தத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் போவது அப்படித்தான்.

சரி, டைடல் பூலுக்கு வருவோம், உங்கள் குடும்பத்துக்கு இதுதான் விடை. பாறைகளுக்கு நடுவே சுவர் கட்டிக் கடலைக் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பார்கள். ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறும்போது அலை சுவரைத் தாண்டி விழுந்து தண்ணீரைப் புதுப்பிக்கும், வற்றும்போது உள்ளே குளம் போல அசையாமல் நிற்கும். சின்னது இடுப்பளவில் நின்றுகொண்டு கண்ணாடி போட்டு மீன் பார்க்கும். பெரியது சுவரோரம் நீந்தும். அம்மா மணல் ஓரத்தில் நாற்காலி போட்டுப் பாதத்தை நனைத்துக்கொண்டு இருக்கலாம். வடக்கில் ஷாக்காஸ் ராக், சால்ட் ராக், பலிட்டோ பக்கத்து தாம்சன்ஸ் பே, தெற்கில் ஸ்காட்பர்க், சவுத்புரூம் எல்லா இடத்திலும் பூல் உண்டு.

எப்போது போவது என்பதற்கு உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி போதும். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம் ஏறி இறங்கும். அந்த நாட்களில் நீர் மிகக் கீழே இறங்குவது காலை பத்து மணி வாக்கில். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமி வாக்கில் வற்றம் மாலை நான்கு மணிக்குப் போய்விடும், ஏற்ற இறக்கமும் குறைந்துவிடும். அதனால் அமாவாசையோ பௌர்ணமியோ நடுவில் விழும்படி நான்கு நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை எட்டரைக்குப் பூலில் இருந்தால் பதினொன்றரை வரை அமைதியான தண்ணீர். அதற்குமேல் வெயிலும் ஏறும், கோடைக்காலத்தில் மத்தியானம் நார்த்-ஈஸ்டர் என்ற வடகிழக்குக் காற்றும் கிளம்பும். மாலை நான்கு மணிக்கு அதே பூலின் சுவர்மேல் அலை அறைந்துகொண்டிருக்கும், அப்போது யாரும் சுவர்ப்பக்கம் போக வேண்டாம். அந்தக் காற்றோடு புளூபாட்டில் என்ற, ஜெல்லி மீன் போலக் கொட்டும் உயிரி கரை ஒதுங்குவதும் உண்டு. பட்டால் இழையை எடுத்துவிட்டுக் கடல்நீரில் அலசி, தாங்குகிற சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள்.

எந்த மாதம்? என்னைக் கேட்டால் மே. மழை ஓய்ந்து ஆறுகள் தெளிந்திருக்கும், கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், காற்று அடங்கியிருக்கும், சார்டின் வந்திருக்காது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டு வியாழன் இரவே போய்விடுங்கள். ஈஸ்டர் வார இறுதி வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் முழுவதும் கடலுக்கு இறங்கிவிடும், அதோடு புனித வெள்ளியன்று இசிப்பிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் மாரியம்மன் திருவிழா, அம்மா எப்படியும் கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்பார்கள். டிசம்பர்தான் முடியும் என்றால் 16ஆம் தேதி விடுமுறைக்கு முன்பே திரும்பிவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளி அதற்கு விடாது என்றால் வார நாளில், காலை ஆறு மணிக்குப் போங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். புத்தாண்டு அன்று மட்டும் எந்தக் கரைக்கும் வேண்டாம். டர்பனில் அன்றைக்குத் தொலைந்துபோகாமல் இருக்கக் குழந்தைகளின் கையில் அடையாளப் பட்டை கட்டுகிறார்கள் என்றால் கூட்டத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்.

இடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், ஸ்காட்பர்க். டர்பனிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர். கரைக்கு மேலேயே அகலமான புல்வெளிச் சரிவு இருக்கிறது, அம்மா மணலில் கால் புதைக்காமலே கடலைப் பார்க்கலாம். இன்னும் அமைதி வேண்டும், இன்னொரு மணி நேரம் ஓட்டத் தயார் என்றால் மார்கேட்டைத் தாண்டி சவுத்புரூம். அங்கே பாறைகள் அலையை உடைத்துக் கொடுக்கும் ஒரு மூலைக்குப் பெயரே 'கிரானிஸ் பூல்', பாட்டி குளம். உம்ஷ்லாங்காவிலும் அதே பெயரில் ஒன்று உண்டு, ஆனால் அங்கே அமைதியை எதிர்பார்க்காதீர்கள். சால்ட் ராக், ஷாக்காஸ் ராக் பூல்கள் எனக்கு மிகப் பிடித்தவை. உங்கள் அம்மாவின் முழங்காலை நினைத்துத்தான் இரண்டாவதாக வைக்கிறேன், வடக்குக் கரையில் படி இல்லாத இடம் குறைவு.

படி என்றதும் ஞாபகம் வருகிறது. சில வருடங்களுக்கு முன் என் மாமியாரோடு ஒரு வீடு எடுத்தோம். விளம்பரத்தில் 'கடலுக்கு இரண்டு நிமிடம்'. இரண்டு நிமிடம்தான், இறங்குவதற்கு. எண்பத்து நான்கு படி. மாமியார் முதல் நாள் ஒருமுறை இறங்கினார், ஏறி வந்தவர் மற்ற மூன்று நாளும் பால்கனியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து முன்பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ கேட்டுவிடுவேன்: வாசலிலிருந்து மணல் வரை நடந்து காட்டச் சொல்லி. கூடவே அந்தத் தேதிகளில் லைஃப்கார்ட் இருக்கிறார்களா, டைடல் பூல் திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பூலைக் கழுவத் தண்ணீரை வடித்துவிடும் நாட்கள் உண்டு. தெற்குக் கரையில் குழாய்த் தண்ணீர் நின்றுபோவது சகஜம், தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ டேங்க் இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள்.

இன்னொன்று, தண்ணீரின் சுத்தம். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனின் கழிவுநீர் நிலையங்களை உடைத்துப்போட்டது, பல கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. இப்போதும் பலத்த மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் கடலில் இறங்காமல் இருப்பதே நல்லது, ஆறு கலக்கும் இடத்தில் நிச்சயமாக வேண்டாம். பிள்ளைகளுக்குப் பிடித்த லகூன்களும் (ஆற்று முகத்தில் தேங்கும் நீர்நிலைகள்) அதில் சேர்த்திதான். மாநகராட்சி வெளியிடும் ஈ-கோலை (கழிவுநீர் கலப்பைக் காட்டும் கிருமி) பரிசோதனை முடிவைக் கிளம்பும் அன்று காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்குப் பிடிப்புள்ள ரப்பர் அடியோடு ஒரு செருப்பு வாங்கிவிடுங்கள். பூல் சுவரில் பச்சைப் பாசி படிந்திருக்கும். அதன்மேல் ஏறி நடந்து பார்க்கும் ஆசை பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது.