என் ஜாஸ் பேஸ் கிட்டார் பாசிவ் (பேட்டரி இல்லாதது), இரண்டு வால்யூம், ஒரு டோன். அதில் இரண்டு பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) முழுதாகத் திறந்தால் பேண்டில் சத்தம் அடங்கிப்போகிறது. பிக்கப்பை மாற்ற வேண்டுமா, வயரிங்கை மாற்றினால் போதுமா?

முதலில் வயரிங்கை மாற்றிப் பாருங்கள். புது பிக்கப் வாங்கும் காசு இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும். உங்களுடையது பாசிவ், இரண்டு வால்யூம், ஒரு டோன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒரே ஒரு ஸ்விட்ச் போதும்.

சத்தம் அடங்கிப்போவது உங்கள் பிக்கப்பின் கோளாறு இல்லை. ஃபெண்டர் 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் பேரலலாக, அதாவது பக்கம் பக்கமாகச் சேர்பவை. இரண்டும் கம்பியின் வேறு வேறு இடத்தில் அதிர்வை எடுப்பதால் நடு ஒலியில் சில பகுதிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பேரலலில் இண்டக்டன்ஸும் (மேல் ஒலியை மழுக்கும் காயிலின் மின் தன்மை) குறைவு, அதனால் மேல் ஒலி பளிச்சென்று நிற்கும். தனியாக வாசிக்கவும் ஸ்லாப் செய்யவும் (கட்டைவிரலால் கம்பியைத் தட்டி வாசிப்பது) எனக்கு அதைவிடப் பிடித்த டோன் கிடையாது. ஆனால் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்ததும் பேஸ் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸ் அப்படிக் காணாமல் போவதில்லை. 1957 முதல் அதில் வரும் இரண்டாகப் பிளந்த பிக்கப்பின் காயில்கள் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இருப்பது அதற்கு ஒரு காரணம். ஜாஸ் பேஸையும் சீரிஸில் போட்டால் சத்தம் கூடும், லோ மிட் (நடு ஒலியின் கீழ்ப்பகுதி) தடிக்கும், மேல் ஒலி கொஞ்சம் மழுங்கும். பிக்கப் இருக்கும் இடம் வேறு என்பதால் அது பிரிசிஷன் ஆகிவிடாது. ஆனால் கூட்டத்துக்குள் நன்றாகக் கேட்கும். ஃபெண்டரே பிற்பாடு சில மாடல்களில் எஸ்-1 என்ற ஸ்விட்சில் இதைத் தந்தது.

வாங்க வேண்டியது ஆறு கால் உள்ள டிபிடிடி ஸ்விட்ச் (இரண்டு இணைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றுவது), ஆன்-ஆன் வகை. நடுவில் ஆஃப் உள்ளது வேண்டாம். குமிழ்கள் இருக்கும் தகட்டில் துளை போட மனசு வராவிட்டால் புஷ்-புல் பாட் (குமிழை இழுத்தால் மாறும் ஸ்விட்சும் சேர்ந்த பாட்; பாட் என்பது குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) போடலாம், ஆனால் அது உயரம் அதிகம். தகட்டுக்கு அடியில் உள்ள குழியின் ஆழத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மினி டாகிள் ஸ்விட்சே கிடைக்கும்.

இனி இணைப்பு. நெக் பிக்கப்பின் (கழுத்துப் பக்கம் இருப்பது) கிரவுண்ட் வயரைப் பாட்டின் முதுகிலிருந்து எடுத்து, ஸ்விட்சின் இடது வரிசை நடுக்காலில் வையுங்கள். இடது மேல் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு வயர். பிரிட்ஜ் பிக்கப்பின் ஹாட் வயரை (சிக்னல் வரும் வயர்) அதன் வால்யூம் பாட்டிலிருந்து கழற்றி வலது மேல் காலில் வையுங்கள். அது கழன்ற இடத்துக்கு வலது நடுக்காலிலிருந்து ஒரு வயர் போகட்டும். கடைசியாக வலது மேல் காலையும் இடது கீழ் காலையும் குறுக்கே ஒரு துண்டு வயரால் சேருங்கள். வலது கீழ் கால் காலியாகவே இருக்கும். நடுக்கால்கள் மேல் கால்களோடு சேரும்போது பழைய பேரலல், கீழ் கால்களோடு சேரும்போது சீரிஸ். பிரிட்ஜிலிருந்து வரும் கிரவுண்ட் வயரை மட்டும் தொடாதீர்கள்.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சீரிஸில் நெக் பிக்கப்பின் கிரவுண்ட் வயர் உண்மையில் கிரவுண்டில் இல்லை, சிக்னல் அதன் வழியாகப் போகிறது. அந்த வயர் வெறும் பின்னல் கம்பியாக இருந்தால் குழியில் ஒட்டிய செப்புத் தாளில் பட்டு பிரிட்ஜ் பிக்கப் ஊமையாகிவிடும். முழு நீளத்துக்கும் ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய் உறை) போடுங்கள். பிக்கப்பின் அடித்தகடு அதே வயரில் சேர்ந்திருந்தால் அதைப் பிரித்துத் தனியாகக் கிரவுண்டில் கொடுங்கள், இல்லாவிட்டால் இரைச்சல் வரும்.

தகட்டை மூடுவதற்கு முன்னால் ஜாக்கில் கேபிளைச் செருகி, மறுமுனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். மூன்று குமிழும் முழுதாகத் திறந்திருக்க, பிக்கப் ஒவ்வொன்றும் 7.5 கிலோ ஓம் என்றால் பேரலலில் 3.6 வாக்கில் காட்டும். சீரிஸில் 15 காட்டாது, 13.4 தான் காட்டும். 250 கிலோ ஓம் பாட்கள் இரண்டும் குறுக்கே இருப்பதால் அப்படி. பயப்பட வேண்டாம், இணைப்பு சரி என்றே அர்த்தம்.

சீரிஸில் நெக் வால்யூம்தான் மொத்தத்துக்கும் வால்யூம். பிரிட்ஜ் குமிழைத் திறந்தே வைத்திருங்கள், இரண்டையும் கலந்து அளவு பார்க்கும் வசதி அந்த நிலையில் கிடையாது. சத்தம் திடீரென்று ஏறும் என்பதால் ஆம்ப் கெயினை சீரிஸ் நிலையில் வைத்தே சரிசெய்துகொள்ளுங்கள். டோனைக் குறைக்கும்போது ஒரேயடியாக இருண்டால் 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை எடுத்துவிட்டு 0.022 போட்டுப் பாருங்கள். எனக்கு சீரிஸுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.