இந்தியத் தேர்தல் சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்யலாம் என்றால் எதைத் திருத்துவீர்கள்?

வாக்குப்பதிவு நியாயமாகவும் வெளிப்படையாகவும் நடக்க ஒரே ஒரு திருத்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் கணக்கு நடத்தியவன். தேர்தல் வந்தால் எங்களுக்கு வேறு உத்தியோகம் வந்துவிடும்: முதலில் வாக்குச்சாவடி அலுவலர், தலை நரைத்த பிறகு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வாக்குச்சாவடி வாரியாக எண்ணி, ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று தனித்தனியாக வெளியிடுவதை நிறுத்துவேன்.

வெளிப்படைத்தன்மை கேட்டால் இந்த ஆள் எதையோ மூடச் சொல்கிறாரே என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

தேர்தல் நாளன்று காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வேட்பாளர்களின் முகவர்களை உட்காரவைத்து மாதிரி வாக்குப்பதிவை நடத்துவோம். குறைந்தது ஐம்பது வாக்குகளைப் போட்டுக் காட்டி, கூட்டிப் பார்த்து, மறக்காமல் அழித்துவிட வேண்டும். (அழிக்க மறந்த அலுவலரின் கதை ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் சொல்லப்படும். அது எந்த ஊரில் நடந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.) பிறகு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆம் பிரிவை உரக்க வாசிக்க வேண்டும். வாக்கின் ரகசியத்தை வெளியிடும் அலுவலருக்கும் முகவருக்கும் மூன்று மாதம் வரை சிறை என்பது அதன் சாரம். நானும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று வாசித்திருக்கிறேன். முகவர்கள் தூக்கக் கலக்கத்தில் தலையை ஆட்டுவார்கள்.

என் சொந்த ஊரில் இரண்டு சாவடிகள். இரண்டும் ஒரே தொடக்கப் பள்ளியில்தான், ஒன்று கிழக்குக் கட்டடம், மற்றொன்று மேற்குக் கட்டடம். கிழக்குக் கட்டடத்தில் வாக்களிப்பவர்கள் காலனிக்காரர்களும் அதை ஒட்டிய இரண்டு தெருக்காரர்களும். ஒரு சட்டமன்றத் தேர்தல் முடிந்த வாரத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தார். வாக்கு எண்ணும் இடத்தில் அவர்களுடைய முகவர் குறித்துக்கொண்டு வந்த கணக்கு அது. "கிழக்கு பூத்தில் நமக்கு நூறு கூடத் தேறவில்லை. வீட்டுக்கு வீடு போய்க் கொடுத்தோமே, வாங்கிக்கொண்டு இப்படிச் செய்துவிட்டார்கள்" என்றார். அவர் சத்தம் போடவில்லை. பெஞ்சில் இருந்த காலனிப் பையன்கள் இருவரும் டீயை முடிக்காமலே எழுந்து போனார்கள்.

அந்தக் கோடையில் காலனியின் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. அதைச் சரிசெய்து மாட்ட ஐந்து மாதம் ஆயிற்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. தொடர்பு இல்லை என்று அந்தத் தெருவில் யாரையும் நம்பவைக்கவும் முடியாது. அடுத்த தேர்தலில் கிழக்குக் கட்டடத்தின் கணக்கு மாறியிருந்தது.

தனி மனிதனின் வாக்கு ரகசியம்தான், ஆனால் தெருவின் வாக்குக்கு ரகசியம் கிடையாது. தெரு சிறியதாகவும் ஒரே சாதியாகவும் இருந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் 128ஆம் பிரிவை வாசித்துவிட்டு, எண்ணும் நாளில் அந்த இயந்திரத்தைத் தனியாகத் திறந்து, இந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

சட்டம் இந்த ஆபத்தை அறியாததல்ல. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 59ஏ என்று ஒரு விதி இருக்கிறது. வாக்காளர்கள் மிரட்டப்படுவார்கள், பழிவாங்கப்படுவார்கள் என்று தேர்தல் ஆணையம் கருதினால், தொகுதியின் எல்லாப் பெட்டிகளிலும் உள்ள வாக்குச்சீட்டுகளைக் கலந்த பிறகே எண்ணும்படி உத்தரவிடலாம். வாக்குச்சீட்டைக் கலக்கலாம், இயந்திரத்தை எப்படிக் கலப்பது? ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கருவியும் தன் சாவடியின் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறது. இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். டோட்டலைசர் என்று ஒரு கருவி. பதினான்கு கட்டுப்பாட்டுக் கருவிகளை அதில் இணைத்தால் பதினான்கின் கூட்டுத்தொகை மட்டும் திரையில் வரும். விதியைத் திருத்தி இதைப் பயன்படுத்த விடுங்கள் என்று ஆணையம் 2008இலேயே அரசுக்கு எழுதியது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதையே பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடி வாரியான கணக்கு தெரிந்தால்தான் கட்சிகள் எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்று அறிந்து அங்கே உழைக்க முடியும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எங்கள் ஊர்க் கிளைச் செயலாளரும் அதற்காகத்தான் தாளை விரித்தார் என்று வைத்துக்கொள்வோம்.

பணத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. வாக்குக்குப் பணம் கொடுப்பவர் கொடுத்தது வேலை செய்ததா என்று பார்க்க அவரிடம் இருக்கும் ஒரே அளவுகோல் சாவடி முடிவுதான். அதைப் பிடுங்கிவிட்டால் பணப்பட்டுவாடா நின்றுவிடும் என்று சொல்லவில்லை. "வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டீர்கள்" என்று ஒரு தெருவைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போகும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானே பெரிய விஷயம்.

பணத்துக்கு எதிராக நம் சட்டம் எவ்வளவு நொண்டுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டை விட நல்ல சாட்சி வேண்டாம். 2016இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. எல்லாம் பணப்பட்டுவாடாவால் நின்றுபோன தேர்தல்கள். சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ பிரிவு இருக்கிறது. தொகுதியையே விலைக்கு வாங்கினால் நிறுத்த அப்படி ஒரு பிரிவு இல்லை. அதனால் அரசமைப்பின் 324ஆவது உறுப்பு தரும் பொது அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவை நிறுத்தப்பட்டன. பிரிவு கேட்டு ஆணையம் எழுதியும் திருத்தம் வரவில்லை. வேட்பாளரின் செலவுக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு. 2022 முதல் நம் மாநிலத்தில் சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. முன்வாசலுக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த மாதிரி. இதைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன், விட்டுவிடுகிறேன்.

இனி, நியாயமான எதிர்ப்புக்கு வருகிறேன். சாவடிக் கணக்கு வெளியே வராவிட்டால் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது எப்படி? என் நண்பர், அவரும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்தான், இதைக் கேட்டு என்னை நாலு நாள் தூங்கவிடவில்லை. என் பதில் 17சி படிவத்தில் இருக்கிறது.

மாலையில் வரிசையின் கடைசி ஆள் வாக்களித்த பிறகு, கட்டுப்பாட்டுக் கருவியில் வாக்குப்பதிவை முடிக்கும் பொத்தானை அழுத்துவோம். மொத்தம் எத்தனை என்று திரை காட்டும். அதை 17ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு 17சி படிவத்தில் எழுதி, கையொப்பமிட்ட நகலை இருக்கும் முகவர்களுக்குக் கொடுப்போம். "இருக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு பெரிய கட்சிகளின் முகவர்கள் கடைசி வரை இருப்பார்கள். சுயேச்சைகளின் முகவர்கள் மதியச் சாப்பாட்டோடு காணாமல் போவார்கள். வாக்காளர்களுக்கோ அந்தத் தாள் கண்ணிலேயே படாது. 2024 மக்களவைத் தேர்தலில் இதுதான் பெரிய சச்சரவாக வெடித்தது. 17சி கணக்கைச் சாவடி வாரியாக உடனே வெளியிட வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். மே 24 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு எதுவும் போடவில்லை, மறுநாள், மே 25 அன்று, ஆணையம் தானாகவே தொகுதி வாரியாகப் பதிவான வாக்குகளின் எண்ணிக்கையை வெளியிட்டது. தொகுதி வாரியாக, சாவடி வாரியாக அல்ல.

நான் கேட்பது இதைத் திருப்பிப் போடுவது. சாவடியில் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பது அன்று இரவே ஊருக்கெல்லாம் தெரியட்டும். 17சி படிவத்தை அப்படியே படம் எடுத்து ஏற்றிவிடலாம், பள்ளிச் சுவரிலும் ஒட்டலாம். யாருக்கு வாக்களித்தார்கள் என்பது மட்டும் பதினான்கு சாவடிகளின் மொத்தமாக வரட்டும். பதினான்கு 17சி படிவங்களின் கூட்டல், அந்த மொத்தத்தோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்த வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கூட்டல்தான். வாக்கு எந்தச் சின்னத்துக்கு விழுந்தது என்று வாக்காளருக்கு அச்சிட்டுக் காட்டும் கருவிக்கு விவிபேட் என்று பெயர்; அதன் சீட்டுகளை எண்ணிப் பார்ப்பதில் கொஞ்சம் சிக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணுகிறார்கள். என் திட்டத்தில் ஒரு தொகுப்பின் பதினான்கு சாவடிச் சீட்டுகளையும் கொட்டிக் கலந்து எண்ண வேண்டியிருக்கும். முடிவு வரச் சில மணி நேரம் கூடும். அதனால் என்ன? வாக்குப்பதிவு முடிந்து எண்ணும் நாள் வரை வாரக்கணக்கில் காத்திருக்கும் நாட்டுக்கு அது ஒரு பொருட்டா?

ரகசியம் எங்கே, வெளிச்சம் எங்கே என்பது நம் சட்டத்தில் பல இடங்களில் இப்படித்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் கட்சிகளுக்குக் கோடிக் கணக்கில் கொடுத்தவரின் பெயர் மறைவாக இருந்தது; உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அதை ரத்து செய்யும் வரை. 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதிகளில் 93ஆவது விதியைத் திருத்தி, சாவடிக் கேமராப் பதிவு போன்றவற்றைப் பொதுமக்கள் கேட்டுப் பெற முடியாமல் செய்தார்கள். வாக்காளரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பது ஆணையம் சொன்ன காரணம். அந்தக் காரணத்தை நான் கேலி செய்ய மாட்டேன். யார் வந்தார், யார் வரவில்லை என்று படம் போட்டுப் பார்க்கும் ஆட்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அதே அக்கறை கிழக்குக் கட்டடத்தின் கணக்கு மீதும் இருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாவது திருத்தத்துக்கு இடம் கொடுத்தால், தேர்தல் வழக்குகளுக்குக் கெடு வைப்பேன். சட்டத்தில் கெடு இருக்கிறதே என்பீர்கள். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று இருக்கிறது, முயல்வதற்கு என்ன? ராதாபுரத்தில் 2016இல் அப்பாவு 49 வாக்கு வித்தியாசத்தில் இன்பதுரையிடம் தோற்றார். 203 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி உண்டா என்பதுதான் கேள்வி. எங்கள் வர்க்கத்தின் கையெழுத்து ஒரு சட்டமன்ற உறுப்பினரையே தொங்கலில் விட்டது. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எண்ணிய கணக்கு உறைக்குள் இருக்க, 2021இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது.

பின்னூட்டத்தில் "இயந்திரத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்" என்று கட்டாயம் வரும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தை விட எனக்கு உறுத்துவது அதே விதிகளில் உள்ள 49எம்ஏ. விவிபேட்டில் வேறு சின்னம் விழுந்தது என்று வாக்காளர் புகார் சொன்னால், பொய்ப் புகாருக்கு ஆறு மாதம் வரை சிறை, அபராதம் என்று எச்சரித்து எழுதி வாங்க வேண்டும். பிறகு முகவர்கள் முன்னிலையில் அவர் ஒரு சோதனை வாக்குப் போட வேண்டும். அது சரியாக விழுந்தால் புகார் பொய். முதல் முறை என்ன விழுந்தது என்பதைப் பார்க்க வழி இல்லை.

2019இல் நான் தலைமை அலுவலராக இருந்த சாவடியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், லுங்கியும் தோளில் துண்டுமாக, தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்து, "சார், நான் அழுத்தியது வரவில்லை" என்றார். ஏழு வினாடிதான் அந்தச் சீட்டு தெரியும், கண்ணாடி வேறு இருட்டாக இருக்கும். நான் கையேட்டைப் புரட்டி, அந்தப் பத்தியை, சிறை என்ற சொல் உட்பட, அவருக்கு வாசித்துக் காட்டி, படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன். அவர் பேனாவைப் பார்த்தார். வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தார். "வேண்டாம் சார், கண்ணு சரியில்லை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.